ஃப்ரேமா மேடமும் முதல் வரியும்

கொட்டோசு பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் அபெனா ஃப்ரேமாவை ஊரில் யாரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. மேடம் என்றால் அவள்தான். இன்னும் நாலு மேடம்கள் அங்கே இருக்கிறார்கள், ஆனால் அவர்களுக்கெல்லாம் கணக்கு மேடம், அறிவியல் மேடம் என்று முன்னால் ஒரு ஒட்டு உண்டு. பத்தொன்பது வருஷமாக ஒரே வகுப்பு, ஒரே நாற்காலி. அவளிடம் படித்தவர்களில் ஒருத்தன் பாதிரியார் ஆகிவிட்டான், இரண்டு பேர் பக்கத்து நகரமான டெச்சிமானுக்கு லாரி ஓட்டுகிறார்கள், பாதிப் பேர் முந்திரித் தோட்டத்தில் இருக்கிறார்கள். எங்கே இருந்தாலும் அவளிடம் வாங்கிய திட்டு மட்டும் யாருக்கும் மறக்கவில்லை. "முதல் வரி எங்கடா? முதல் வரி எங்க?"

அவள் பாடம் அவ்வளவுதான். பரீட்சைத் தாளில் ஒரு பத்தி வரும். இதன் மையக்கருத்து எந்த வாக்கியத்தில் இருக்கிறது என்று கீழே கேள்வி வரும். பயிற்சிக் கல்லூரியில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததை அவள் அப்படியே சொல்லிக்கொடுத்தாள்: முதல் வாக்கியத்தைத் தேடு, கோடு போடு, அடுத்த கேள்விக்குப் போ. மற்ற வாக்கியமெல்லாம் அதற்குப் பின்னால் வால் பிடித்து வருபவை. பிள்ளைகள் தலையாட்டுவார்கள். பரீட்சை அன்றைக்குக் கை தானாகக் கடைசி வரிக்குப் போய்விடும். வருஷா வருஷம் இதே கூத்து. அவளும் அலுக்காமல் சிவப்புப் பேனாவால் கடைசி வரியை அடித்து, முதல் வரிக்குக் கோடு போட்டுக் கொடுப்பாள்.

பதினாலு மாதத்துக்கு முன்னால், பனிக்காற்று அடித்துக்கொண்டிருந்த நாளில், அவளுக்கு ஒரு கடிதம் வந்தது. அவள் கணவன் அம்போஃபோ டைல்ஸ் போடும் வேலைக்காரன். மூன்று வருஷத்துக்கு முன்னால் பாலைவனம் தாண்டி லிபியாவுக்குப் போனவன். கட்ட ஆரம்பித்த வீடு ஜன்னல் மட்டத்தில் நின்றுபோயிருந்தது. கூரை போடும் காலத்துக்குள் பணத்தோடு வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனான். கடிதம் அவன் எழுதியதில்லை. அவனோடு கூட வேலை செய்த இதே ஊர்க்காரன் அட்டுவோபி எழுதி, ஊருக்குத் திரும்பி வந்த ஒருவர் கையில் கொடுத்து அனுப்பியிருந்தான். ஒரு பக்கம்தான்.

"இங்கே அமைதி. நாங்கள் எல்லோரும் நலம். நீங்களும் நலம் என்று நம்புகிறேன். நோன்பு மாதம் முடிந்ததிலிருந்து வேலை குறைவு. நானும் அம்போஃபோவும் டைல்ஸ் போட்டுக்கொண்டிருந்த வீட்டுக்காரர் பாதியில் நிறுத்திவிட்டார். அந்த வாரம் கடல் சாந்தமாக இருக்கிறது என்று சொன்னார்கள், அக்கரைக்குப் போக நிறைய பேர் படகேறினார்கள். எனக்குக் காய்ச்சல், நான் போகவில்லை. மறுநாள் காற்று மாறியது. நான் மூன்று நாள் கரைக்குப் போய் விசாரித்தேன். ரொட்டி விலை ஏறிவிட்டது. அம்போஃபோவின் பழுப்பு ஷூ என்னிடம் இருக்கிறது, துடைத்து வைத்திருக்கிறேன், யாரிடம் கொடுத்து அனுப்பலாம் என்று சொல்லுங்கள்."

வீடு முடியும்வரை அவள் அண்ணன் தாச்சி வீட்டில்தான் இருந்தாள்; கடிதத்தை அவன்தான் முதலில் வாங்கிப் படித்தான். கடைசி வரிக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றிக் கீழே வைத்தான். அவன் மனைவி படித்தாள். படித்தவள் அடுப்படிக்குப் போய் அழுதாள். அம்போஃபோவின் வீட்டு ஆட்கள் வந்து படித்தார்கள். மறுவாரமே அவன் அக்காள் கறுப்புத் துணிக்கு மாறிவிட்டாள். படகு கவிழ்ந்தது, அம்போஃபோ போய்விட்டான் என்று ஊருக்கே புரிந்துவிட்டது. இதில் புரிய என்ன இருக்கிறது?

ஃப்ரேமா மட்டும் முதல் வரியில் நின்றாள். "நாங்கள் எல்லோரும் நலம்னு எழுதியிருக்கான். எல்லோரும்னா அவரும்தானே," என்றாள்.

தாச்சி கடிதத்தை அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தான்.

கடிதத்தின் அடியில் அட்டுவோபியின் போன் நம்பர் இருந்தது. அவள் ஒருநாளும் கூப்பிடவில்லை. அந்த நம்பரைத் தன் போனில் ஏற்றிக்கூட வைக்கவில்லை. கடிதத்தை நாலாக மடித்து, மதிப்பெண் பதிவேட்டின் அட்டைக்குள் செருகிவைத்தாள். மறுநாள் காலை ஏழு மணிக்குப் பள்ளிக்கூடத்தில் இருந்தாள்.

அவளுக்கு எல்லாம் தெரியும், நடிக்கிறாள் என்று சிலர் பேசினார்கள். அது அநியாயம். நடிக்கிறவர்களுக்கு முகத்தில் ஏதாவது இருக்கும். அவள் முகத்தில் ஒன்றுமே இல்லை. பல் பிடுங்கும்போது ஊசி போட்டதும் கன்னம் தன்னுடையதா பிறத்தியாருடையதா என்று தெரியாமல் போகுமே, அப்படி அவளுக்கு உடம்பு முழுக்க ஆகியிருந்தது. குழம்பில் அண்ணி கைதவறி மிளகாயைக் கொட்டிவிட்ட நாளில், வீடே தண்ணீர் தண்ணீர் என்று பறக்க, அவள் ஃபூஃபூக் களியைக் கிள்ளித் தோய்த்து நிதானமாகச் சாப்பிட்டு எழுந்து கை கழுவினாள். காரம் தெரியலையா என்று கேட்டதற்கு, காரமா என்று கேட்டாள். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தாள், கோயிலில் எழுந்து நிற்க வேண்டிய இடத்தில் நின்றாள். வருத்தம் என்று ஒன்று அவளுக்கு வரவில்லை. சந்தோஷமும் வரவில்லை.

இந்த வருஷம் பிப்ரவரியில் அம்போஃபோவின் தாய்வழிப் பெரியவர் ஜோமோ, இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். கையில் ஒரு ஸ்னாப்ஸ் பாட்டில், சடங்குக்குத் திறக்கும் சாராயம். முறைப்படி உட்கார்ந்தார்கள், முறைப்படி அண்ணி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்து முடித்த பிறகு தாச்சி கேட்டான். "இங்க அமைதிதான். வழி நடந்து வந்தவங்க நீங்க. சேதி என்ன?"

"எங்க பக்கமும் அமைதிதான்," என்று ஆரம்பித்தார் ஜோமோ. முந்திரி நன்றாகப் பூத்திருக்கிறது என்றார். கீழ்த்தெரு குழாயில் தண்ணீர் வருகிறது என்றார். தன் முழங்கால் வலியைப் பற்றிக் கொஞ்சம், கோயில் கூரையைப் பற்றிக் கொஞ்சம். யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை. கடைசியில், வேறு எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார். "ஈஸ்டர் முடிஞ்ச மறுவாரம் வீட்ல ஒரு காரியம் வெச்சிருக்கோம். மருமகளுக்குச் சொல்லிட்டுப் போகலாம்னு வந்தோம்."

ஃப்ரேமா தரையைப் பார்த்தபடி இருந்தாள். "என்ன காரியம்?"

இப்படி நேருக்கு நேராக அந்த ஊரில் யாரும் கேட்க மாட்டார்கள்.

ஜோமோ கோபப்படவில்லை. "அதை நான் சொல்லக் கூடாதும்மா. கடுதாசி உன் கைக்கு வந்துச்சு. சேதி யார் கைக்கு வந்துச்சோ அவங்க வாயாலதான் வெளிய வரணும். பதினாலு மாசமா நீ சொல்லுவேன்னு காத்திருந்தோம். நாங்களா அந்த அட்டுவோபிக்குப் போன் போட்டுப் பேசிட்டோம், கேட்க வேண்டியதெல்லாம் கேட்டுட்டோம். ஆனா வீட்ல வெச்சு சொல்ல வேண்டியவ நீ."

"எல்லாரும் நலம்னு எழுதியிருக்கான், மாமா," என்றாள் அவள்.

கூட வந்த இரண்டு பேரில் ஒருவர் "அய்யோ மேடம்" என்றார். ஜோமோ கையைத் தூக்கி அவரை அடக்கினார். பாட்டிலை எடுத்து மேஜையில் வைத்தார்.

"இதை இங்க வெச்சிட்டுப் போறேன். மூணு வாரம் கழிச்சு சனிக்கிழமை வருவோம். நீ சேதியைச் சொல்லிட்டா, உன் அண்ணன் இதைத் திறக்கட்டும். சொல்லலைன்னா நான் எடுத்துக்கிட்டுப் போயிடறேன். காரியம் எப்படியும் நடக்கும். ஆனா பொண்டாட்டி இல்லாத ஆளை அனுப்பி வெக்கற மாதிரி நடக்கும். உன் பேரை யாரும் சொல்ல மாட்டாங்க, நீயும் வர முடியாது. அவனுக்கு அது வேணாம்னு நினைக்கறேன். நீ யோசி."

அவர்கள் போன பிறகு தாச்சி பாட்டிலை எடுத்து அலமாரியில் வைத்தான். அதே தட்டில்தான் அவள் திருத்த வேண்டிய நோட்டுகளும் இருந்தன. தினமும் நோட்டை எடுக்கும்போது பாட்டில் கையில் இடித்தது. அவள் அதைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு நோட்டை எடுத்தாள். யோசி என்றார் பெரியவர். எதை யோசிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. எட்டு வருஷம் கூட வாழ்ந்த ஆளை, பெண்டாட்டியே இல்லாதவன் மாதிரி அனுப்பிவிடுவார்கள் என்பது காதில் விழுந்தது. விழுந்த இடத்தில் அப்படியே கிடந்தது.

இரண்டாவது வாரம் மாதிரித் தேர்வு முடிவு வந்தது. ஹெட்மாஸ்டர் என்சியா அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். என்சியாவுக்குச் சத்தம் போடத் தெரியாது, குத்திக்காட்டத்தான் தெரியும்.

"மேடம், உங்க பிள்ளைங்களுக்கு முந்திரின்னா என்னன்னு தெரியுமா?"

"தெரியும் சார். பாதிப் பேருக்குத் தோட்டம் இருக்கு."

"இல்லையே. முந்திரின்னா விறகுன்னு எழுதியிருக்காங்க." தாள்களை அவள் முன்னால் பரப்பினார். முந்திரி மரம் மனிதனுக்குப் பலவிதத்தில் பயன்படுகிறது என்று ஆரம்பிக்கும் பத்தி. கொட்டையை வறுத்துத் தின்கிறார்கள், ஓட்டிலிருந்து எண்ணெய் எடுக்கிறார்கள், பழத்தைப் பிழிந்து குடிக்கிறார்கள், காய்ந்த கிளைகளைச் சிலர் விறகாக எரிக்கிறார்கள். அத்தோடு பத்தி முடிகிறது. வகுப்பில் முப்பத்தெட்டு பேர். முப்பத்தெட்டு பேரும் விறகுக்குக் கோடு போட்டிருந்தார்கள். "காப்பி அடிச்சிருப்பாங்கன்னு பார்த்தேன். காப்பி அடிக்கறவன்கூட ஒருத்தனாவது தப்பா அடிப்பான். இது என்ன மேடம், பிரார்த்தனையா? எல்லாரும் சேர்ந்து சொல்றதுக்கு?"

"திரும்ப நடத்தறேன் சார்."

"பத்தொன்பது வருஷமா திரும்பத்தான் நடத்திட்டிருக்கீங்க."

அவளுக்கு அவமானமாக இருந்திருக்க வேண்டும். தாள்களை அடுக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வகுப்புக்குப் போனாள். மற்ற வருஷமாக இருந்தால் பிரம்பு மேஜையில் பேசியிருக்கும். அன்றைக்கு நாற்காலியில் உட்கார்ந்து, திட்டுவதற்குக்கூடத் தெம்பில்லாமல், கேட்டாள். பத்தொன்பது வருஷத்தில் ஒருமுறையும் கேட்காத கேள்வி அது.

"ஏன் கடைசி வரி?"

மூன்றாவது பெஞ்சில் அமா போமா என்று ஒரு பெண். அவள் அம்மா சந்தையில் கருவாடு விற்கிறாள். வாய் நீளம் வீட்டுச் சொத்து. அவள்தான் எழுந்தாள்.

"மேடம், முதல் வரி எல்லாரும் சொல்றதுதானே."

"அப்படின்னா?"

"வீட்டுக்கு யாராவது வந்தா முதல்ல அமைதின்னுதான் சொல்றாங்க. எங்க மாமா ஆட்டைத் திருட்டுக் குடுத்துட்டு வந்தாரு, அவரும் அமைதின்னுதான் ஆரம்பிச்சாரு. ஆடு கடைசியிலதான் வந்துச்சு. முதல் வரி தண்ணி குடிக்கறப்ப சொல்றது மேடம். கேக்கறவங்க சரியா உக்காந்தப்புறம்தானே விஷயத்தைச் சொல்லுவாங்க. எழுதறவரும் பெரியவர்தானே, அவரும் அப்படித்தான் எழுதியிருப்பாருன்னு நினைச்சோம்."

"விறகுதான் விஷயம்னு நினைச்சீங்களா?"

"விறகைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் சுத்தி வராருன்னு நினைச்சோம் மேடம்."

பின் பெஞ்சில் சிரிப்பு கிளம்பியது. ஃப்ரேமாவும் உதட்டை அசைத்தாள், சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்ததால். எழுந்து கரும்பலகையில் அந்தப் பத்தியை முழுக்க எழுதினாள். முதல் வரிதான் என்று நிரூபித்தாக வேண்டுமே. என்ன செய்வது என்று யோசித்து, மேஜை மேல் இருந்த நீள ஸ்கேலை எடுத்து முதல் வரியை மறைத்துப் பிடித்தாள்.

"இப்ப படி."

போமா படித்தாள். கொட்டையை வறுத்துத் தின்கிறார்கள். ஓட்டிலிருந்து எண்ணெய் எடுக்கிறார்கள். "எதோட கொட்டை?" என்று யாரோ கேட்டார்கள். "எதுக்கு இதையெல்லாம் சொல்றாரு?" என்று இன்னொருத்தன்.

"சரி, இப்ப இது." ஸ்கேலைக் கீழே இறக்கி விறகை மறைத்தாள். மற்றதெல்லாம் நின்ற இடத்தில் அப்படியே நின்றது. ஒன்றும் குறையவில்லை. "எந்த வரியை எடுத்தா மத்தது விழுதோ அதுதான். எந்த வரி போனாலும் பரவாயில்லையோ அது இல்ல."

இது பாடப் புத்தகத்தில் இல்லை. அவளே அந்த நிமிஷத்தில் கண்டுபிடித்துச் சொன்னது. பிள்ளைகளுக்கு உடனே பிடித்துப்போனது. இருக்கிற பத்தியையெல்லாம் ஸ்கேலால் மூடிப் பார்க்க ஆரம்பித்தார்கள். பேருந்தைப் பற்றிய பத்தி, ஈக்களைப் பற்றிய பத்தி. எல்லாவற்றிலும் முதல் வரியே ஜெயித்தது. ஃப்ரேமா கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்று, கையில் ஒட்டிய சாக்பீஸ் தூளைத் தட்டினாள்.

"மேடம், இதுல வரல," என்றாள் போமா.

புத்தகத்தின் நாற்பதாம் பக்கத்தைத் தூக்கிக் காட்டினாள். அங்கே ஒரு கடிதம் இருந்தது. ஒரு பையன் தன் மாமாவுக்கு எழுதியது. நாங்கள் எல்லோரும் இங்கே நலம், நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன் என்று ஆரம்பம். மழை, பள்ளிக்கூடம், நாய்க்குட்டி. கடைசி வரியில், பள்ளிக்கூடத்துக்குப் போக எனக்கு ஷூ இல்லை, வரும்போது வாங்கி வாருங்கள்.

"முதல் வரியை மூடினா ஒண்ணும் ஆகல மேடம். நலம்னு சொல்லாட்டியும் கடுதாசி கடுதாசிதான். ஆனா கடைசி வரியை மூடினா..." போமா ஸ்கேலை வைத்துக்காட்டினாள். "இவன் எதுக்குக் கடுதாசி எழுதினான்னே தெரியல. நாய்க்குட்டியைப் பத்திச் சொல்லவா எழுதினான்? ஷூவுக்காகத்தான் மேடம் இவ்வளவும். கடுதாசின்னா எல்லாரும் நலம்னு சும்மா..."

சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்தினாள். வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

அந்த வகுப்பில் முப்பத்தெட்டு பேருக்கும் மேடத்துக்கு வந்த கடிதம் தெரியும். ஊரில் யாருக்குத்தான் தெரியாது? நலம் என்ற வரி தெரியும், ஷூ தெரியும். நாற்பதாம் பக்கத்தைத் தூக்கிக் காட்டிய போமாவுக்குத்தான் அந்த நேரம் ஞாபகம் வரவில்லை. முன் பெஞ்சுப் பையன் மெதுவாகத் தன் புத்தகத்தை மூடினான்.

ஃப்ரேமா போமாவிடம் வந்தாள். போமாவின் கையிலிருந்த ஸ்கேலை வாங்கி, முதல் வரியை மறைத்து ஒருமுறை பார்த்தாள். பிறகு கடைசி வரியை மறைத்து ஒருமுறை பார்த்தாள்.

"சரிதான்," என்றாள். "உட்காரு. சரியாத்தான் சொன்னே."

"மேடம், நான் அப்படி நினைச்சு..."

"சரின்னுதானே சொன்னேன். மார்க் உண்டு. உட்காரு."

மணி அடித்தது. அன்று பிள்ளைகள் சத்தமில்லாமல் வெளியே போனார்கள்.

அவள் காலி வகுப்பில் உட்கார்ந்து மதிப்பெண் பதிவேட்டைத் திறந்தாள். அட்டைக்குள்ளிருந்து கடிதத்தை எடுத்து மேஜையில் விரித்தாள். பதினாலு மாத மடிப்பு, நேராக நிற்கவில்லை. ஓரங்களில் டஸ்டரையும் சாக்பீஸ் பெட்டியையும் வைத்து அழுத்தினாள். ஸ்கேலை எடுத்தாள்.

இங்கே அமைதி, நாங்கள் எல்லோரும் நலம். அதை மூடினாள். கீழே எல்லாம் அப்படியே இருந்தது. வேலை குறைந்தது, வீட்டுக்காரர் நிறுத்தினார், கடல் சாந்தமாக இருந்தது, காற்று மாறியது, ரொட்டி விலை ஏறியது. பதினாலு மாதமாக அவள் பிடித்துக்கொண்டு நின்ற வரி அது. எடுத்தால் ஒன்றும் விழவில்லை.

கடைசி வரியை மூடினாள். அட்டுவோபி ஏன் எழுதினான்? வீட்டுக்காரன் வேலையை நிறுத்தியதைச் சொல்லவா? ரொட்டி விலையைச் சொல்லவா? காய்ச்சல் வந்தவன் மூன்று நாள் கரைக்குப் போய் யாரை விசாரித்தான்? எல்லா வரியும் காலில்லாமல் அங்கங்கே கிடந்தது. ஸ்கேலை எடுத்தாள். துடைத்து வைத்திருக்கிறேன் என்று எழுதியிருந்தான். எல்லாம் எழுந்து நின்றது.

அழுகை வரும் என்று அவள் காத்திருந்தாள். வரவில்லை. வேலிக்கு அப்பால் யாரோ மரவள்ளி இடிக்கும் உலக்கைச் சத்தம் கேட்டது. சிவப்புப் பேனாவை எடுத்து, பிள்ளைகள் நோட்டில் போடுவது போலவே, கடைசி வரியின் கீழே கோடு போட்டாள். கோடு நேராகவே விழுந்தது.

சனிக்கிழமை காலையில் ஜோமோ வந்தார். அதே இரண்டு பேர். அம்போஃபோவின் அக்காளும் கறுப்புத் துணியில் வந்து ஓரமாக உட்கார்ந்தாள். அண்ணி தண்ணீர் கொண்டுவந்தாள். குடித்தார்கள். தாச்சி முறைப்படி கேட்டான். "இங்க அமைதிதான். வழி நடந்து வந்தவங்க நீங்க. சேதி என்ன?"

ஜோமோ தலையை ஆட்டினார். "எங்ககிட்ட சேதி ஒண்ணும் இல்ல தாச்சி. கேட்டுட்டுப் போகத்தான் வந்தோம்." அலமாரியில் இருந்த பாட்டிலைப் பார்த்தார். அது மூடியபடியே இருந்தது. அவர் முகம் கொஞ்சம் தொங்கிப்போனது. நாற்காலிப் பிடியில் கையூன்றி எழப் போனார்.

"உட்காருங்க மாமா," என்றாள் ஃப்ரேமா. "என்கிட்ட இருக்கு."

ஜோமோ அப்படியே திரும்ப உட்கார்ந்தார். அம்போஃபோவின் அக்காள்தான் எழுந்தாள். பானையிலிருந்து தண்ணீர் மொண்டு வந்தாள். ஃப்ரேமாவின் கையில் கொடுத்தாள். "குடி," என்றாள். "வழி நடந்து வந்தவ நீதான்."

ஃப்ரேமா முழுக்கக் குடித்தாள். தன் வீட்டிலேயே உட்கார்ந்தபடி விருந்தாளிபோல் தண்ணீர் வாங்கிக் குடிப்பது விசித்திரமாக இருந்தது. தண்ணீர் ஜில்லென்று இருந்தது. அது தொண்டையில் இறங்குவது தெரிந்தது. பல மாதத்தில் அவளுக்குத் தெரிந்த முதல் ருசி அதுதான்.

தாச்சி அவள் பக்கம் திரும்பினான். "இங்க அமைதிதான், தங்கச்சி. சேதி என்ன?"

"என் பக்கமும் அமைதிதான்," என்று ஆரம்பித்தாள் ஃப்ரேமா. "பள்ளிக்கூடத்துல மாதிரித் தேர்வு முடிஞ்சுது. பிள்ளைங்க முந்திரியை விறகுன்னு எழுதிட்டாங்க. ஹெட்மாஸ்டர் திட்டினார். திருப்பி நடத்தியிருக்கேன், இந்தத் தடவை வந்துடும்." நிறுத்தினாள். யாரும் அவசரப்படுத்தவில்லை. ஜோமோ கண்ணை மூடித் தலையை மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தார், தொடர்ந்து சொல் என்பது போல.

"அட்டுவோபி கடுதாசி எழுதியிருந்தான். அவன் நல்லா இருக்கான். அவனுக்குக் காய்ச்சல் வந்து சரியாயிடுச்சு. அங்க ரொட்டி விலை ஏறிப்போச்சாம்."

"ம்," என்றார் ஜோமோ.

"இவருக்கு ஒன்பதாம் நம்பர் ஷூ. கல்யாணத்துக்கு டெச்சிமான்ல வாங்கினது. இடது கால் குதி சீக்கிரம் தேயும், காலை இழுத்து நடப்பார். நான் எத்தனையோ தடவை சொல்லியிருக்கேன். வாசல்ல நிக்கற ஆட்டை விரட்டறதுக்குக்கூட ஷூ போட்டுக்கிட்டுத்தான் போவார். செருப்பு போடுங்கன்னா, நான் என்ன குளிக்கவா போறேன்னு கேப்பார்."

அக்காள் துணியால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். சிரித்தபடியே அழுதாள். ஃப்ரேமா அவளைப் பார்த்தாள். தன் கன்னத்தில் ஏதோ ஊர்வது போலிருக்க, பூச்சி என்று நினைத்துத் தட்டினாள். விரல் ஈரமாக வந்தது. அந்த ஈரத்தை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, துணியில் துடைத்துக்கொண்டு தொடர்ந்தாள்.

"அந்த ஷூ அட்டுவோபிகிட்ட இருக்கு. துடைச்சு வெச்சிருக்கானாம். யார்கிட்ட குடுத்து அனுப்பறதுன்னு கேட்டு பதினாலு மாசமாச்சு, நான் பதில் போடல. இன்னிக்குக் காலையில போன் பண்ணி, அனுப்புன்னு சொல்லிட்டேன். ஈஸ்டருக்குள்ள வந்துடும். இவர் எங்க போய்ச் சேர்ந்திருந்தாலும் முதல்ல அதைத்தான் கேட்டு அனுப்பியிருப்பார். கேக்கல."

வெளியே கோழி ஒன்று சுவரோரமாகக் கிளறிக்கொண்டிருந்தது. அறையில் இருந்த அத்தனை பேருக்கும் அடுத்த வரி தெரியும். ஒருத்தர்கூட அதை அவளுக்கு எடுத்துக்கொடுக்கவில்லை.

"என் வீட்டுக்காரர் செத்துப்போயிட்டார்," என்றாள் ஃப்ரேமா.